மூடியளவு

மழை அவிசாவளையில் பெய்தது,
வெள்ளம் மட்டும் எங்களிடம் வந்தது.
வெல்லம்பிட்டிக்கு மேலே துடைத்து வைத்த வானம்.
கீழே ஃபலீல் நானாவின் ஹார்ட்வெயார் பெயர்ப்பலகையில்
பாதி எழுத்து வரைக்கும் களனி கங்கை.

மேல்மாடியில் பதினொரு பேர்.
நாலு பக்கமும் தண்ணீர்.
அதன்மேல் டீசல் மினுங்கிற்று,
ஒரு செத்த கோழி, யாரோ ஒருவரின் இடக்கால் செருப்பு,
பிறகு, பெயர் சொல்ல விருப்பமில்லாத மற்றவை.
நனைந்த காற்சட்டையோடு நின்றபடி
நாக்கு அண்ணத்தில் ஒட்டுவதை உணர்ந்தேன்.

நீர்வழங்கல் சபையில் நான் மீற்றர் பார்க்கிறவன்.
இருபத்திரண்டு வருடம்.
ஆயிரம் லீற்றர் எங்களுக்கு ஒரு யூனிற்,
அதற்குக் கீழே உள்ளதை எழுதுவதில்லை.
சிவப்பு முள் சுற்றும். பார்ப்போம். எண்ணமாட்டோம்.
இந்த லேனுக்கே நான் 'வத்துர மாத்தயா',
தண்ணீர் ஐயா.
என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒன்றரை லீற்றர் போத்தல் நாலு இருந்தது.
முதல் நாள் மத்தியானத்துக்குள் இரண்டு போயிற்று.
கரண்ட் இல்லை, மோட்டர் இல்லை,
தாங்கியைத் தட்டினால் மத்தளம்.
பிள்ளைகள் மிக்சர் கேட்டார்கள்.
உப்பு உள்ளே போனால் தண்ணீரைத்தான் தேடும் என்று
பையைப் பறித்துக் காலித் தாங்கிக்குள் போட்டேன்.
ஒருத்தன் என்னைக் கெட்ட வார்த்தையால் ஏசினான்.
வயது ஆறு.

சிஃபானியாவுக்கு இருபது நாள் குழந்தை.
"பால் இறங்குதில்ல" என்றாள் சுவரைப் பார்த்து.
அவள் பங்கு இரண்டாயிற்று.
யாரும் தீர்மானம் எடுக்கவில்லை,
போத்தல் தானாக அவள் பக்கம் போனது.
ஃபலீல் நானா மூலை வாளியை எட்டிப் பார்த்து
"மாத்தயா, எண்ட மூத்திரம் பிளேன்ரீ மாதிரி" என்றார்.
சிரித்தோம்.
சிரித்த உதடு வெடித்தது.

இரண்டாம் நாள் பொழுதுபட,
பக்கத்து மாடியிலிருந்து பலகை போட்டு வந்தாள் நில்மினி.

மாசியில் அவள் இணைப்பை வெட்டியது நான்தான்.
நாலு மாத நிலுவை.
சிவப்பு நோட்டீசைக் கேற்றில் சொருகி,
வால்வைத் திருகி, சீல் வைத்தேன்.
"ஹரி" என்றாள், அவ்வளவுதான்.
காசு கட்டி, தண்ணீர் திரும்பி வந்த பிறகும்
அந்த இருபத்தாறு நாள் அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை.
காலியான ஒரு போத்தலையும் எறியாமல்
கழுவி, கொதித்தாறிய தண்ணீர் நிரப்பி
கட்டிலுக்கடியில், அலுமாரிக்கு மேல்,
மாடிப்படி ஒவ்வொன்றிலும்
திகதி எழுதி அடுக்கியிருக்கிறாள்.

பலகை வழியே வந்தவை முப்பத்தொன்று.
ஜின்ஜர் பியர் போத்தல், கோர்டியல் போத்தல்,
கழுத்து நெளிந்த ஒரு வினாகிரிப் போத்தல்.
கூடவே இரண்டு ஜீவனிப் பக்கெற்.

வாந்தி எடுத்துக் கிடந்த, என்னை ஏசிய பையனுக்கு
முதலில் ஒரு மூடி.
விழுங்கட்டும், பொறு. இன்னொரு மூடி.
கொட்டினால் திரும்பி வரும்,
தொட்டுத் தொட்டுப் போனால் தங்கும்.
யாரிடம் கற்றாளோ, கேட்கவில்லை.
பையன் அன்றிரவு மிக்சர் கேட்டான்.

எனக்கு முன்னால் வந்தபோது மூடி நின்றது.
"வத்துர மாத்தயா,
இதில் எத்தனை யூனிற்?" சிங்களத்தில் கேட்டாள்.
கணக்குப் போட்டேன், உண்மையாகவே போட்டேன்.
ஐந்து மில்லி. புள்ளிக்குப் பிறகு
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
இன்னும் இரண்டு பூச்சியம்...
வாய் திறந்திருந்தது. ஊற்றினாள்.
இனிப்பா உப்பா தெரியவில்லை.
இன்னொரு மூடியும் ஊற்றினாள்.

நாலாம் நாள் படகு வந்தது.

வேலைக்குத் திரும்பி அவள் கேற்றடியில் குனிந்தேன்.
மீற்றர் கண்ணாடியின் சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தால்
உள்ளே ஆவி படர்ந்திருந்தது. எண் இல்லை.
வாசிக்க முடியாததற்கு எங்களிடம் ஒரு குறியீடு உண்டு,
சராசரி போட்டு பில் அனுப்புவார்கள்.
குறித்தேன்.

படிக்கட்டில் கழுவிய போத்தல்கள் வெயிலில் கவிழ்ந்திருந்தன.
பழக்கதோஷம், எண்ணினேன். முப்பது.
மற்றது என் பைக்குள், பில்லுப் புத்தகத்தோடு,
அவள் எழுதிய திகதி அழியாமல்,
கழுத்து நெளிந்தது.